குச்சியின் அந்த முனை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேங்க் முடிந்து தர்மபுரி நான்கு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பை, வலது கையில் குச்சி, இடது கையில் அம்மாவுக்கு வாங்கிய அரைக் கிலோ கொய்யா. பென்னாகரம் ரோட்டுக்குத் திரும்புகிற பஸ் ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் "வாங்கக்கா" என்று ஒரு குரல், கல்லூரிப் பையன் மாதிரி இருந்தது. வாங்கக்கா என்று சொல்லி முடிப்பதற்குள் என் இடது மேல்கையைப் பிடித்தாகிவிட்டது, பிடித்த வேகத்தில் இரண்டு எட்டு இழுத்தும் ஆகிவிட்டது. எங்கே போகணும் என்று கேட்கவில்லை. பிடிக்கலாமா என்றும் கேட்கவில்லை. கொய்யாப் பை தொடையில் இடித்துக்கொண்டே கூட வந்தது.

இதற்கென்று என்னிடம் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். "தம்பி, கைய விடுங்க, நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கிறேன்." இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம், தம்பி என்ற இடத்தில் ஐயா, அம்மா, சார் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். அன்றைக்கு அது தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. எரிச்சல் வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. ஆனால் எரிச்சலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: சந்தோஷம். கேட்காமல் பிடித்து இழுக்கிற கை ஊருக்குள் திரும்பி வந்துவிட்டதே என்ற சந்தோஷம். 2020-லிருந்து எனக்குள்ளேயே தீராமல் கிடக்கிற ஒரு வழக்கு இது. எழுதினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் குச்சியும் காதும் மூக்கும்தான். வெள்ளைக்கோலோடு தெருவில் இறங்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள். மேல்கையைப் பிடிக்கிற கை, மணிக்கட்டைப் பிடிக்கிற கை, முதுகில் வைத்துத் தள்ளுகிற கை, தோளில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோகிற கை. உதவி என்று ஆரம்பித்து உதவியாகவே முடிகிற கை எது, நடுவில் வேறு எங்கோ போகப்போகிற கை எது என்பது பிடித்த நொடியிலேயே தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது? நடு ரோட்டில் உதறிவிட்டு எந்தத் திசையில் ஓடுவது? முறையான வழி ஒன்று இருக்கிறது, அதில் வழி காட்டுகிறவர் எங்களைத் தொடவே வேண்டாம். நாங்கள் அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் நடப்போம். அவர் படி இறங்கினால் அந்த முழங்கை இறங்கும், அவர் தயங்கினால் அதுவும் தயங்கும், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடுவதற்கு முன்னால் கேளுங்கள். என் உடம்பு ஊர்ப் பொதுச் சொத்து இல்லை.

இந்தக் கைகளிலேயே எனக்கு அறவே ஆகாதது ஒன்று உண்டு. குச்சியைப் பிடித்து இழுக்கிறவர்கள். என்னைத் தொடக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், பெரும்பாலும் வயசான ஆண்கள், "இப்படி வாம்மா" என்று குச்சியின் நுனியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். அந்த நுனி தரையை விட்டுக் கிளம்பின உடனே எனக்கு உலகமே அறுந்துபோகும். படி எங்கே, பள்ளம் எங்கே, சாக்கடை மூடி எங்கே, ஒன்றும் தெரியாது. பார்வை உள்ளவர் கண்களை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு "பயப்படாம வாங்க" என்று கூட்டிப்போனால் எப்படி இருக்கும், அப்படி. சந்தைக்கு மாடு ஓட்டிப்போகிற மாதிரி என்று ஒரு முறை அம்மாவிடம் சொன்னேன். மாட்டுக்காவது கண்ணு தெரியும் என்றாள் அம்மா. அவளுக்கு என்னைத் தேற்றுகிற பழக்கம் கிடையாது.

கை இல்லாத ஊர்

2020 மார்ச் 24 சாயங்காலம் 144, அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. யாரும் யாரையும் தொடக் கூடாது என்று டிவியில் சொன்னபோது எனக்குள் முதலில் தோன்றியது பயம் இல்லை. நிம்மதி. இதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன், மூன்று பேரும் என்னைப் போலக் குச்சி பிடித்த பெண்கள், மூன்று பேரும் "எனக்கும்" என்றார்கள். நான் இருபது வருஷம் தொண்டை வறளக் கேட்டதை அரசாங்கம் ஒரே ராத்திரியில் சட்டமாக்கிவிட்டது. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு இருமல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா, அந்த இருமலுக்குப் பின்னால் வந்த அறிவுரையை எல்லோரும் திட்டினார்கள், நான் மட்டும் ரசித்துக் கேட்டேன்.

அந்த நிம்மதி எத்தனை நாள் தாங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் எப்போது உடைந்தது என்று தெரியும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலைக்கு வருவதிலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள், பேங்க் வேலையை வீட்டிலிருந்து செய்யவும் முடியாது, சும்மா இருந்தேன். ஏப்ரலில் ஒரு நாள் காலை பால் வாங்க நானே போகிறேன் என்று கிளம்பினேன். வீடு குமாரசாமிப்பேட்டையில். முருகன் கோவிலிலிருந்து எங்கள் தெரு எத்தனை எட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அவ்வளவு பழக்கமான வழி. அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் தொலைந்துபோனேன். ஊர் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதன் சத்தம் இல்லை. நான் ரோட்டை நடந்து வைத்திருந்தது வண்டிச் சத்தத்தை வலது பக்கமும் கடைச் சத்தத்தை இடது பக்கமும் வைத்துத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம் வந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும். புரோட்டாக் கடையில் கல்லைத் தட்டுகிற இடத்தில் ரோடு கடக்க வேண்டும். மாவு மெஷின் தாண்டியதும் மூன்றாவது சந்து. எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. சரி, வாசனையாவது இருக்கிறதா என்றால் மூக்கு மாஸ்க்குக்குள். பார்வை உள்ளவர்களுக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடியது. எனக்குக் கன்னத்தையும் மூடியது, அது பெரிய இழப்பு, ஒரு சந்தைத் தாண்டும்போது அங்கிருந்து வருகிற காற்று கன்னத்தில் படுவதை வைத்துத்தான் சந்து வந்துவிட்டது என்று நான் தெரிந்துகொள்வேன்.

அரை மணி நேரம் அங்கே நின்றேன் என்று நினைக்கிறேன். இரண்டு பைக் போனது. நடந்து போன செருப்புச் சத்தம் ஒன்று என்னைக் கண்டதும் வேகம் குறைந்து, அப்புறம் ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறி, போய்விட்டது. கை வரவில்லை. அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் ஒரு ரோட்டோரத்தில் அரை மணி நேரம் யாரும் என்னைப் பிடித்து இழுக்காமல் நான் நின்றதே இல்லை.

அப்போது மாவட்டங்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே பச்சை என்று இருந்தது பக்கத்துக் கிருஷ்ணகிரி மட்டும்தான். ஓசூரிலிருந்து என் சித்தி போன் பண்ணி "நாங்க பச்சை" என்று சம்பந்தி வீட்டுப் பெருமை மாதிரிச் சொன்னாள், மே முதல் வாரத்தில் அந்தப் பெருமையும் போனது. நிறங்களைப் பற்றி எனக்கு இத்தனை பேர் இத்தனை அக்கறையாக விளக்கம் சொன்னது அந்த மாதம்தான். ஜூனில் பஸ் விட்டபோது மண்டலம் மண்டலமாகப் பிரித்ததில் சேலம் வேறு மண்டலம், நாங்கள் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரியோடு ஒரு மண்டலம். ஒன்றரை மணி நேரத்தில் போகிற சேலத்துக்கு இ-பாஸ் வேண்டும், எந்தக் காலத்திலும் போகாத ராணிப்பேட்டைக்கு வேண்டாம். உள்ளூர் பஸ்ஸில் ஒரு நாள் ஏறினேன், பின் படியில் ஏறி முன் படியில் இறங்க வேண்டுமாம், உட்காரக் கூடாத சீட்டில் பெருக்கல் குறி போட்டிருப்பார்களாம், நான் மிகச் சரியாக ஒரு பெருக்கல் குறி மேலேயே போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் கத்தியதில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

வட்டம்

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2020 ஜூலை. மறுபடி பஸ் நிறுத்தியிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. சனிக்கிழமை மத்தியானம் அம்மா பாத்ரூமில் வழுக்கிக் கால் பிசகிக்கொண்டாள், நிற்க முடியவில்லை. அவளுடைய சுகர் மாத்திரை அன்று காலையோடு தீர்ந்திருந்தது, மறுநாள் கடை கிடையாது. வழக்கமாக ஓடிப்போய் வாங்கி வருகிற பையன் வீடு இருந்த சந்தை இரண்டு நாள் முன்னால் அடைத்துவிட்டார்கள். சரி, நானே போகிறேன் என்று கிளம்பினேன். அந்த அடைத்த சந்தின் முனையில்தான் முதல் அடி. சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள், நெஞ்சு உயரத்தில். குச்சிக்குத் தெரிவது இடுப்புக்குக் கீழே இருக்கிற உலகம் மட்டும்தான். குச்சி கட்டைக்கு அடியில் நிம்மதியாக நுழைந்து போய்விட்டது, நான் நெஞ்சோடு போய் மோதினேன். மூச்சு அடைத்தது, ஆனால் அது பெரிய விஷயமாகப் படவில்லை, திரும்பி வேறு வழியில் போனேன்.

மருந்துக் கடையை ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து நேராக கவுண்டருக்குப் போனேன். "எம்மா, எம்மா, தள்ளு தள்ளு! வட்டத்துல நில்லும்மா!" கடைக்காரர். எந்த வட்டம் என்றேன். சத்தமே இல்லை. அப்புறம் யாரோ, "கண்ணு தெரியாதவங்க போல." இன்னொருவர், கொஞ்சம் தள்ளி, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் என் காதைப் பற்றி அவருக்குத் தெரியாது: "அப்ப வீட்ல இருக்க வேண்டியதுதான?" நான் பின்னால் நகர்ந்தேன். அதற்கப்புறம் நடந்தது ஒரு கூத்து. ஐந்தாறு பேர் சேர்ந்து என்னை வட்டத்துக்குள் நிறுத்தப் பார்த்தார்கள், யாரும் நெருங்காமல், வாயாலேயே. லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கீழே நின்று சத்தம் போடுவாரே, அதேதான். "பின்னாடி வாங்க, வாங்க, வாங்க, போதும். இல்ல இல்ல, லெஃப்ட்ல. உங்க லெஃப்ட் இல்லம்மா, என் லெஃப்ட்." நான் குச்சியால் தரையைத் தடவினேன், சுண்ணாம்புக் கோடு குச்சிக்குத் தெரியுமா என்று. தெரியவில்லை. எனக்கு நாற்பது வயசு நெருங்குகிறது, பேங்க்கில் வேலை பார்க்கிறேன், கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற ஸ்கிரீன் ரீடர் வைத்து மற்றவர்களைவிட வேகமாகக் கணக்கு எடுப்பேன், அன்றைக்கு ஒரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்கத் தெரியாமல் நடுத் தெருவில் ஆடிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. காது மட்டும் தானாகவே செருப்புச் சத்தம் தேடிக்கொண்டிருந்தது. யாராவது ஒருத்தர் நெருங்கி வருகிறாரா, பிடித்து இழுக்கிறாரா. இழுத்தால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் அந்தப் பாட்டி. தொண்டை கட்டின குரல், மாஸ்க்குக்கு மேல் முந்தானையும் சுற்றியிருக்க வேண்டும், அப்படி மூடின குரல். "ஏம்மா, அந்தக் குச்சிய இப்படி நீட்டுறியா? நுனிய நான் புடிச்சுக்கிறேன்."

கேட்டாள். என்னைத் தொடுவதற்கு முன்னால் கேளுங்கள் என்று இருபது வருஷம் சொல்லித் திரிந்தவளிடம் வழிப்போக்கர்களில் முதல் முதலாக ஒருத்தி வந்து முறையாக அனுமதி கேட்டாள், அவள் கேட்டது நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருந்த குச்சியை. நான் நீட்டினேன். நானேதான் நீட்டினேன், அதைத்தான் இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

நுனி தரையை விட்டுக் கிளம்பியது. பயந்த மாதிரியே எல்லாம் அறுந்தது. ஆனால் அடுத்த நொடி குச்சி வழியாக வேறொன்று வந்து சேர்ந்தது, நடுக்கம். அந்தப் பாட்டியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வயசான நடுக்கமா, பயத்தின் நடுக்கமா தெரியாது, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. என் குச்சியின் அந்த முனையிலிருந்து அதுவரை தார் ரோடு வந்திருக்கிறது, மண் வந்திருக்கிறது, படி, இரும்பு மூடி, ஈரச் சாணி எல்லாம் வந்திருக்கிறது. ஒரு ஆள் வந்ததில்லை. நாலைந்து எட்டு இருக்கும், அவ்வளவுதான். "இங்கயே நில்லு, இது என் வட்டம், நான் பின்னால போய்க்கிறேன்" என்றாள். பின்னால் வட்டம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாத்திரை வாங்கினேன், காசைத் தட்டில் போடு என்றார் கடைக்காரர், தட்டைத் தேடி இரண்டு தடவை கவுண்டரில் தட்டினேன், ஒருவழியாக முடிந்தது. திரும்பி "பாட்டி" என்று கூப்பிட்டேன். "சொல்லும்மா" என்று வேறு யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள், வரிசை அதற்குள் மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படுத்த இடத்திலிருந்தே கத்தினாள், குச்சியைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று. கழுவும்போதுதான் நினைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்ததிலேயே அசிங்கமான இடம் அந்த நுனிதான். என் கையில் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சானிடைசர். குச்சி நுனியில் குமாரசாமிப்பேட்டை ரோட்டின் எச்சில், சாக்கடைத் தண்ணீர், நாய் போனது எல்லாம். என் கையைத் தொட்டால் நோய் வரும் என்று பயந்து அந்தப் பாட்டி பிடித்துக்கொண்டது அதை. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். என்னடி என்றாள் அம்மா. அவளிடமும் சொல்லவில்லை.

தீராத வழக்கு

இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் இத்தனை வருஷம் ஓடியது. மாடு மாதிரி இழுத்துப் போகப்பட்டேன் என்று ஒரு நாள் தோன்றும், என்னிடம் கேட்டு, தன் இடத்தையும் கொடுத்துவிட்டுப் போன ஒரே மனுஷி என்று மறுநாள் தோன்றும். ஊரடங்கு தொடங்கிய மறுநாளே, மார்ச் 26 அன்று, மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் பற்றிய தகவல்கள் பிரெயிலிலும் ஒலி வடிவிலும் சைகை மொழியோடும் கிடைக்க வேண்டும், பராமரிக்கிறவர்கள் வந்துபோக வழி வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8-வது பிரிவும் பேரிடரில் எங்களுக்குச் சமமான பாதுகாப்பு என்கிறது. நல்ல தாள்கள்தான், இரண்டையும் ஸ்கிரீன் ரீடரில் முழுசாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் மருந்துக் கடை வாசலில் சுண்ணாம்பு டப்பாவோடு குனிந்த பையனுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரிய நியாயமில்லை, தாளை எழுதியவருக்கு அந்த வட்டத்தைப் பற்றியும் தெரிய நியாயமில்லை.

2020 அக்டோபர் 15, வெள்ளைக்கோல் தினத்துக்கு ஜூமில் ஒரு கூட்டம் போட்டார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வருஷா வருஷம் பேசுகிற அதே பேச்சு, தொடுவதற்கு முன் கேளுங்கள். பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டேன். ஏழு மாதமாக அம்மாவைத் தவிர ஒரு ஆள் என்னைத் தொட்டதில்லை, நான் யாரிடம் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? "மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றார் ஒருவர். மியூட்டில் இல்லை, சும்மாதான் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் இருந்த என் பள்ளித் தோழி ஒருத்தி பஸ்ஸிலும் ரயிலிலும் ஊதுபத்தி விற்றுப் பிழைப்பவள், அவளும் பார்வை இல்லாதவள். மார்ச்சில் ரயில் நின்றதிலிருந்து அவளுக்கு வருமானமே கிடையாது, ஜூனில் அடையாள அட்டைக்கு அரசாங்கம் கொடுத்த ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும்தான். "நீ தொடாதேன்னு பேசு, உனக்குச் சம்பளம் வருது" என்றாள் கூட்டம் முடிந்த பிறகு போனில். "என் சரக்கையே எவனும் தொட மாட்டேங்கறான்." இதற்கு நான் என்ன சொல்வது?

இன்னொரு பேச்சும் ஞாபகம் வருகிறது. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, நான் இந்தச் செருப்புச் சத்தக் கதையைச் சொன்னேன், என்னைக் கண்டதும் ரோட்டின் அந்தப் பக்கம் மாறிப் போனதே, அதை. கூட வேலை பார்க்கிற ஒருவர், மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்காரர், அவர் தெரு எது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். அப்புறம் சொன்னார்: "தள்ளி நில்லுன்னு சொல்றது உங்களுக்கு ஆறு மாசமாத்தான் மேடம். எங்க ஊரு டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி டம்ளர்." அவ்வளவுதான், அதற்கு மேல் பேசவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், தள்ளி நிற்பதைப் பற்றி ஊரில் யாருக்குமே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பாட்டியின் நடுக்கத்தைப் பற்றி எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பயந்தது நோய்க்கு மட்டும்தானா, தொட்டால் யாராவது என்ன சொல்வார்களோ என்று பழகிய பயமா? தெரியாது. ஒரு கிழவியின் கையைப் பற்றி நான் அதிகமாகவே யோசிக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

94

இரண்டாம் அலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. 2021 மே, அம்மாவுக்குப் பாசிட்டிவ். மருத்துவமனையில் படுக்கை இல்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் கூட்டி வாருங்கள், தனி அறையில் வையுங்கள், தொடாதீர்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான். அதைவிட, தொடாமல் அம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆக்சிமீட்டர் வாங்கினேன், அது பேசாது. விரலில் மாட்டினால் ஏதோ பீப் என்கும், எண் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு அது ஒரு துணி கிளிப். பெங்களூரில் இருக்கிற என் தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயசு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீடியோ கால் போடுவேன், ஒரு கையில் அம்மாவின் விரல், மறு கையில் போன், "இன்னும் கீழ அத்தை, இன்னும் கொஞ்சம், ஆ, ஆடாம புடிங்க." ராத்திரி இரண்டு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்தாள் அந்தக் குழந்தை. 95. 94. ஒரு தடவை ரொம்ப நேரம் எண்ணே சொல்லவில்லை. என்னடி என்றேன். 93 அத்தை, என்றாள், இருங்க, இருங்க, மாறுது, 94. நான் அம்மாவின் விரலை எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்றால் அதனால்தான் எண் இறங்கியதோ என்று பின்னால் சந்தேகம் வந்தது.

எனக்கும் வந்தது, வராமல் எப்படி இருக்கும். இரண்டு பேரும் தேறினோம். தடுப்பூசிக்குப் பதிவு செய்யப் போனால் கோவின் தளத்தில் கோணல் மாணலாக எழுத்துப் படம் வரும், அதைப் பார்த்து நிரப்பினால்தான் உள்ளே விடும், அதைக் காதால் கேட்க வழி கிடையாது. மே 31-ம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக் காட்டியது, படித்துக் காட்டியபோது ஒரு அற்ப சந்தோஷம். அதையும் தம்பி மகள்தான் நிரப்பிக் கொடுத்தாள். ஊசி போட்ட நர்ஸ் கையுறை போட்ட கையால் என் மேல்கையைப் பிடித்தார், கேட்காமல்தான். பதினான்கு மாதத்துக்கு அப்புறம் என் மேல்கையை ஒரு வெளி ஆள் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று நான் அவரிடம் சொல்லியிருந்தால் பயந்துபோயிருப்பார்.

சரி, நான்கு ரோட்டுக்கு வருகிறேன். அந்தப் பையன் என்னை இழுத்துக்கொண்டு ரோட்டை முழுசாகக் கடந்தான், நடுவில் ஒரு பைக்காரனைத் திட்டினான், எனக்காகத் திட்டினான், எதிர்ப்பக்க நடைமேடை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். "பாத்துப் போங்கக்கா" என்றான். கையை எடுத்துவிட்டான். ஓடிப்போகிற செருப்புச் சத்தம் கேட்டது, அவனுக்கும் ஏதோ பஸ் போலிருக்கிறது. தேங்க்ஸ் தம்பி என்று அந்தச் சத்தத்தைப் பார்த்துச் சொன்னேன்.

நான் போக வேண்டியது அந்தப் பக்கமே இல்லை. எனக்கு ஷேர் ஆட்டோ வருகிற இடத்தில்தான் நான் முதலில் நின்றுகொண்டிருந்தேன், ரோட்டைக் கடக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லை. கொய்யாப் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, குச்சியைத் தரையில் ஊன்றி, வண்டிச் சத்தம் குறையட்டும் என்று நின்றேன். குறைவதாக இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் வெற்றிலை வாசனை வந்தது, மணிக்கட்டை ஒரு சொரசொரப்பான கை பிடித்தது.

"எங்கம்மா போவணும்?" என்றார், பிடித்த பிறகு.